இடது தோள்

அத்தியாயம் 17

தேயிலையை முழுக்கத் தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர். ஒருவர் அதைப் படைத்த ஆண்டவர். மற்றவர் ஹரோல்ட். ஆண்டவர் ஏதோ அவசரத்தில் தேயிலையை நாரோடு படைத்துவிட்டார். அந்தப் பிழையைத் திருத்தத்தான் ஹரோல்டைக் கேமரன் மலைக்கு அனுப்பிவைத்தார்.

இதைச் சொன்னது ஹரோல்டேதான். நவம்பர் இரண்டாம் தேதி காலை ஆறே முக்காலுக்கு, வாய் நிறைய பற்பசை நுரையோடு, கொஞ்சமும் சிரிக்காமல் சொன்னார்.

அவர் மேல் தப்பில்லை. பேக்டரியின் சலிக்கும் அறையில் முப்பத்தோரு வருஷமாக அவர் பார்ப்பது ஒரே வேலை. சீப்பில் முடி ஒட்டுவதுபோல் தூளிலிருந்து நாரை இழுத்தெடுக்கும் உருளை எந்திரம் ஒன்று அங்கே உண்டு. அதன் பக்கத்தில் நின்று, நார் ஒரு பக்கமும் தூள் ஒரு பக்கமும் போகிறதா என்று பார்க்க வேண்டும். போகிறது. முப்பத்தோரு வருஷமாகப் போய்க்கொண்டேதான் இருக்கிறது.

"நாருன்னா குப்பை, பிலோமி. வீச வேண்டியது. நான் வீசறதை நீ மூட்டையில பொறுக்கிட்டு வந்து, காகிதத்தோட போட்டுப் பிசைஞ்சு, வீட்டுக்குள்ள தொங்க விட்டிருக்கே. நாரும் காகிதமும் சேரவே சேராது. எழுதி வெச்சுக்க."

"வாயைக் கொப்பளிச்சிட்டுப் பேசுங்க. நுரை அது மேல தெறிக்குது."

'அது' சமையலறைக் கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு குளிர்ச்சட்டை. காகிதத்தால் ஆனது. உள்ளே ஆள் இல்லை. ஆனால் ஆள் இப்போதுதான் கழற்றிவிட்டுப் போனதுபோல் முழங்கை மடங்கியிருந்தது, நெஞ்சு லேசாகப் புடைத்திருந்தது. தேயிலை நாரின் பழுப்பு நிறம். அங்கங்கே கறுப்புப் புள்ளிகள்.

பிலோமி ஓர் உல்லாச விடுதியில் அறை சுத்தம் செய்பவள். வெளியூர்க்காரர்களுக்கு அங்கே இரண்டு நாள் காகிதம் செய்யும் வகுப்பு நடந்தது. கட்டணம் கட்டி வந்தவர்கள் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். சிந்திய தண்ணீரைத் துடைக்கப் போன பிலோமிதான் கற்றுக்கொண்டு வந்தாள். நாரை வேகவைத்து, இடித்து, ஊறிய காகிதக் கூழோடு சேர்த்து, கொசுவலைச் சட்டத்தில் அள்ளினாள். ஈரம் சொட்டும் தாள்களை மகனுடைய பழைய குளிர்ச்சட்டையின் மேல் ஒவ்வொன்றாக ஒட்டினாள். நான்கு நாள் கழித்து உள்ளே இருந்த துணியை மெதுவாக உருவினாள். கூடு மட்டும் நின்றது.

மகன் ஜோனத்தனை இந்தத் தொடரில் நாம் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. பார்க்கவும் முடியாது. ஏழு வருஷத்துக்கு முன் ஒரு நவம்பர் மழையில், லெம்பா பெர்த்தாம் பக்கம் காய்கறித் தோட்ட வேலை முடிந்து திரும்புகையில் ஆறு பெருகிவிட்டது. மோட்டார் சைக்கிள் கிடைத்தது. ஆள் கிடைக்கவில்லை. அப்போது வயது இருபத்திரண்டு.

ஆள் கிடைக்காததால் கல்லறை இல்லை. இன்று கல்லறைத் திருநாள்.

"சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஃபாதர் கல்லறை மந்திரிக்க வராரு," என்றாள் பிலோமி. "சுவர் ஓரமா ஒரு இடம் தரேன்னுட்டாரு. இதை அங்க வைக்கப் போறேன்."

"வெச்சா?"

"வெச்சா மெழுகுவர்த்தி ஏத்தலாம்."

"செத்தவங்களுக்குத்தான் மெழுகுவர்த்தி. அவன் செத்துட்டான்னு உனக்கு யார் சொன்னா?"

சண்டைக்கு எழுந்து நிற்க வேண்டிய இடத்தில் பிலோமி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"ஆறு வருஷமா இந்த நாள்ல பேர் அழிஞ்சுபோன ஒரு பழைய கல்லறையில திரி ஏத்தறேங்க. யாருதுன்னே தெரியாது. வெள்ளைக்காரனுதோ என்னமோ. இந்த வருஷம் அதையும் இடிச்சு வழி போட்டுட்டாங்க. எனக்குக் களைச்சிப்போச்சு. நிக்க ஒரு இடம் வேணும், அவ்வளவுதான்."

ஹரோல்ட் வாயைக் கொப்பளித்தார். வேண்டிய நேரத்தைவிட அதிகமாகக் கொப்பளித்தார். பிறகு காகிதச் சட்டையைச் சுற்றி ஒரு தடவை நடந்து வந்தார், எஸ்டேட் துரை பேக்டரியைப் பார்வையிடுவதுபோல்.

"ஆமா, இது யாரு? போலீஸ் பரேடுல நிக்கிற மாதிரி ரெண்டு தோளும் நேரா நிக்குது? அவன் தோள் இப்படியா இருந்துச்சு?"

அதில் நியாயம் இருந்தது. ஜோனத்தனுக்கு இடது தோள் தாழ்ந்திருக்கும். பள்ளிக்கூடப் பையை ஒரே தோளில் மாட்டிப் பழகியவன், பிறகு முட்டைக்கோஸ் மூட்டையையும் அதே தோளில் ஏற்றினான். "தோளைத் தூக்குடா" என்று ஹரோல்ட் அவனை எத்தனை தடவை அதட்டியிருப்பார் என்பதற்குக் கணக்கில்லை. கடைசியாக அதட்டியது எப்போது என்பதற்கு மட்டும் உண்டு. அந்த நவம்பர் காலையில், அவன் மோட்டாரை உதைத்துக் கிளப்பியபோது.

"துணியைத் திணிச்சு வெச்சுதான் ஒட்டினேன். திணிச்சது நேரா நின்னுடுச்சு," என்றாள் பிலோமி.

"குப்பை," என்றார் ஹரோல்ட். சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு பேக்டரிக்கு நடந்தார்.

---

எட்டரைக்கு பிலோமியும் வேலைக்குப் போய்விட்டாள். வீட்டில் மகள் செரீனா மட்டும். தானா ராத்தா டவுனில் பல் டாக்டரிடம் வேலை; இன்று லீவு. தம்பி காணாமல் போனதிலிருந்து இந்த வீட்டில் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவே செய்தி கொண்டுபோய்க் கொண்டுவருவது அவள்தான் என்பது இவ்வளவு வாரம் கூட வந்தவர்களுக்குத் தெரியும்.

சட்டையைத் தொட்டுப் பார்த்தாள். பச்சை ஈரம். ஒரு வாரமாக மலையில் வெயில் இல்லை. பனி ஜன்னல் வழியாக வந்து, உட்கார்ந்து, தேநீர் குடித்துவிட்டுப் போகாததுதான் பாக்கி. இப்படியே கல்லறைக்குக் கொண்டுபோனால் பாதி வழியில் கூழாகிவிடும்.

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. இந்த எஸ்டேட்டில் பிறந்தவர்களுக்கு மட்டுமே வரக்கூடிய யோசனை.

பேக்டரியின் மேல்மாடியில் கொழுந்து வாட்டும் தொட்டிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் பஸ் நீளம். அடியில் வலை, வலைக்குக் கீழே விசிறி. மழை நாளில் சுடுகாற்று விடுவார்கள். எதை வைத்தாலும் வாடும்.

சட்டையைப் போர்வையில் சுற்றிக் காரின் பின்சீட்டில் கிடத்தி, பெல்ட்டும் போட்டாள்.

மேல்மாடிப் பொறுப்பு விஜயனுடையது. ஹரோல்டைவிட ஆறு வயது சின்னவர், இருபது வருஷமாகக் கொழுந்து பரப்புகிறவர்.

"அங்கிள், கடைசித் தொட்டி ஓரத்துல வெச்சுக்கறேன். ரெண்டு மணிக்கு வந்து எடுத்துடுவேன். டேடிக்குத் தெரிய வேணாம்."

விஜயன் அதைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார்.

"ஜோனத்தனுதா?"

"ஆமா."

"வெச்சிட்டுப் போமா. நான் பார்த்துக்கறேன்."

பார்த்துக்கொண்டார். ஒன்பது மணிக்குப் பார்த்தார், பத்துக்குப் பார்த்தார். பத்தரைக்குச் சாக்கை எடுத்து மேலே போர்த்தினார், துரை கண்ணில் படக்கூடாது என்று. பன்னிரண்டுக்குக் கொழுந்து லோரி வந்தது. மழைக் கொழுந்து, கனம் அதிகம். காலித் தொட்டியில் காற்று வீணாகக் கூடாது என்பது மேல்மாடிச் சட்டம். கடைசித் தொட்டி காலியாக இருந்தது.

---

செரீனா இரண்டு மணிக்கு வந்தபோது விஜயன் மாடிப்படியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கை தானா பரப்பிடுச்சும்மா. இருபது வருஷம்மா. முடிச்சுட்டு டீ குடிக்கப் போனேன். டீ வாய்க்கிட்ட போனப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு."

"எவ்வளவு போட்டீங்க?"

"லேசாத்தான்."

"எவ்வளவு அங்கிள்?"

"முன்னூறு கிலோ இருக்கும்."

செரீனா மேலே ஓடினாள். விஜயன் மேலே ஓடவில்லை, கீழே ஓடினார். இருபது வருஷத்தில் என்ன தப்பு நடந்தாலும் அவர் ஓடிப்போய்ச் சொல்வது ஓர் ஆளிடம்தான். யாருக்குத் தெரிய வேண்டாம் என்று செரீனா காலையில் கேட்டுக்கொண்டாளோ, அதே ஆளிடம்.

சலிக்கும் அறையில் எந்திரச் சத்தம். விஜயன் காதருகே போய்க் கத்தினார்.

"அண்ணே! ஜோனத்தன் சட்டை கொழுந்துக்குள்ள மாட்டிக்கிச்சுண்ணே!"

ஏழு வருஷத்தில் அந்தப் பெயரை இந்த அறையில் யாரும் சொன்னதில்லை. ஹரோல்ட் எந்திரத்தை அப்படியே ஓடவிட்டு மாடி ஏறினார்.

செரீனா தொட்டி ஓரத்தில் மண்டியிட்டு இரு கையாலும் கொழுந்தை வாரிக்கொண்டிருந்தாள்.

"டேடி, மம்மிக்குத் தெரியாது. நான்தான்... காயணும்னுதான்..."

"நகரு."

"டேடி..."

"வாராதேன்னு சொல்றேன். வாரினா கீழே இருக்கறதும் சேர்ந்து வரும். மேலேர்ந்து எடுக்கணும்லா."

ஹரோல்ட் ஓரத்தில் உட்கார்ந்து கொழுந்தைப் பிடி பிடியாக எடுத்தார். விஜயன் மறுபக்கம். பதினைந்து நிமிஷம் விசிறி மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

சாக்கு தெரிந்தது. தூக்கினார்கள்.

நெஞ்சு பிழைத்திருந்தது. வலது கை பிழைத்திருந்தது. கீழ்ப்பக்கம் காய்ந்து முரமுரவென்று ஆகியிருந்தது. இடது தோள் மட்டும் உள்ளே அமுங்கி, கழுத்திலிருந்து அக்குள்வரை கிழிந்து கிடந்தது.

செரீனா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நான்தான் காலையிலயே சொன்னேனே," என்றார் ஹரோல்ட். "நாரும் காகிதமும் சேராது." குரலில் காலையில் இருந்த நுரை இல்லை.

குனிந்து கிழிசலைப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

வெளியே புள்ளியாகத் தெரிந்தது உள்ளே எழுத்தாகத் தெரிந்தது. 'காண' என்று ஓர் இடத்தில். பாதி மலாய்ச் சொல் ஓர் இடத்தில். இன்னோர் இடத்தில் நான்கு எண்கள்: 7, 1, 0, 6.

அது அவருடைய போன் நம்பரின் வால்.

வீட்டுக்குள் சிக்னலே கிடைக்காத நம்பர் அது. மாற்றச் சொல்லி எல்லாரும் சொல்லிவிட்டார்கள். ஹரோல்ட் மாற்றவில்லை. ஏனென்றால் அந்த நம்பர்தான் நோட்டீஸில் இருந்தது. 'காணவில்லை' என்று மூன்று மொழியில் அடித்த நோட்டீஸ். கம்போங் ராஜாவிலிருந்து தாப்பா வரைக்கும் ஒவ்வொரு தூணிலும் அவரே ஒட்டியது. மிச்சம் முன்னூற்றுச் சொச்சம் கட்டிலுக்கு அடியில் பெட்டியில் இருந்தது. இருந்தது என்றுதான் இந்த நிமிஷம்வரை நினைத்துக்கொண்டிருந்தார்.

---

பேக்டரி வாசலில், சிக்னல் கிடைக்கும் ஒரே தூணருகே நின்று மனைவிக்குப் போன் போட்டார்.

"கட்டிலுக்கு அடியில இருந்த நோட்டீஸ் எங்க?"

அந்தப் பக்கம் துணி மடிக்கும் சத்தம் நின்றது.

"பார்த்துட்டீங்களா?"

"எங்க பிலோமி?"

"நீங்க அந்தப் பெட்டியைக் கடைசியா எப்போ தொறந்தீங்க?"

ஹரோல்டுக்குப் பதில் தெரியும்.

"நான் ஈஸ்டருக்கு வீடு கூட்டறப்போ தொறந்தேங்க. எல்லாம் பூஞ்சை பிடிச்சு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிடந்துச்சு. மேல இருந்த தாள்ல அவன் கண்ணு மேல பூஞ்சை. வாய் மேல பூஞ்சை. தூக்கி வீசவும் முடியல, மூடி வைக்கவும் முடியல." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "நான் அவனைக் கிழிச்சுப் போட்டேன்னு நினைக்காதீங்க. அலசினேன். அவ்வளவுதான். சின்னப் பிள்ளையில அலசின மாதிரி."

லோரி ஒன்று மேட்டில் முனகிக்கொண்டு ஏறியது. அது போகும்வரை இருவரும் காத்திருந்தார்கள்.

"ஏன் இப்ப கேக்கறீங்க? அதுக்கு ஏதாச்சும் ஆயிடுச்சா?"

ஹரோல்ட் திரும்பிப் பார்த்தார். செரீனா வாசற்படியில் நின்று, வேண்டாம் என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணும் ஆகல. சும்மா கேட்டேன்."

"நாலரைக்கு வீட்டுக்கு வந்துடுவேன். நீங்க வர வேணாம். நானும் செரீனாவும் போய்க்கறோம்." பிறகு, அதட்டலும் இல்லை கெஞ்சலும் இல்லை, வெறும் அலுப்போடு சொன்னாள்: "தடுக்காதீங்க, அது போதும்."

போனை வைத்த பிறகும் ஹரோல்ட் தூணை விட்டு நகரவில்லை. இதே தூணில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார். இப்போது அங்கே ஸ்ட்ராபெரி விளம்பரம் இருந்தது.

"டேடி."

செரீனா கையில் ஒரு மரச்சிலுவையும் ஒரு மார்க்கர் பேனாவும். காரிலிருந்து எடுத்து வந்திருந்தாள். சிலுவையில் பெயரும் பிறந்த தேதியும் அம்மாவின் கோணல் எழுத்தில் இருந்தன. அதற்குக் கீழே ஒரு சின்னக் கோடு. கோட்டுக்குப் பிறகு வெறும் மரம்.

"இன்னொரு தேதியை டேடி எழுதினா எழுதட்டும், இல்லாட்டி அப்படியே இருக்கட்டும்னாங்க மம்மி. என்ன தேதின்னு அவங்களுக்கும் தெரியல."

ஹரோல்ட் வாங்கிக்கொண்டார். எழுதவில்லை.

"அவ செஞ்ச பசை மிச்சம் இருக்கா வீட்டுல?"

"மரவள்ளிப் பசையா? ஒரு டப்பா இருக்கு. ஏன் டேடி?"

"போய் எடுத்துட்டு வா. எதுக்குன்னு கேக்காதே."

---

மணி இரண்டே முக்கால். சலிக்கும் அறைக்குள் காகிதச் சட்டையைக் கொண்டுவந்து மேசை மேல் கிடத்தினார். விஜயன் வாசலில் நின்றார்.

"நானும் இருக்கவாண்ணே?"

"உன் கை தானா எதையாச்சும் பரப்பும். போ."

விஜயன் போனார்.

ஹரோல்ட் எந்திரத்தை நிறுத்தினார். வேலை நேரத்தில், பழுது இல்லாமல், மின்சாரம் போகாமல், துரை சொல்லாமல் அது நின்றது முப்பத்தோரு வருஷத்தில் இதுவே முதல் தடவை. அறைக்குள் இருந்த அமைதி அவருக்குக் காதை அடைத்தது.

எந்திரத்தின் அடியில் நார்க் குவியல். வீசப்போகிற குப்பை. இரண்டு கை அள்ளி வாளியில் போட்டு, கேன்டீன் வெந்நீரை ஊற்றினார். ஊறியதும் பிசைந்தார். செரீனா கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போன பசையைச் சேர்த்துப் பிசைந்தார். கிழிந்த தோளில் அப்பினார்.

உதிர்ந்தது.

மறுபடி அப்பினார். மறுபடி உதிர்ந்தது. நார் தனியாக நிற்கவில்லை. பிடித்துக்கொள்ள அதற்குக் காகிதம் வேண்டும்.

அறையைச் சுற்றிப் பார்த்தார். வேலை அட்டவணை இருந்தது, பழைய காலண்டர் இருந்தது, மூட்டையில் ஒட்டும் லேபிள் கட்டு இருந்தது. காலண்டர் வரைக்கும் கை போனது. திரும்பி வந்தது.

பணப்பையை எடுத்தார். அடையாள அட்டைக்குப் பின்னால் நான்காக மடித்த ஒரு தாள் இருந்தது. ஏழு வருஷ மடிப்பு. விரித்தபோது மடிப்புகளின் ஊடே வெளிச்சம் தெரிந்தது. இதில் பூஞ்சை இல்லை. உடம்புச் சூட்டிலேயே இருந்த தாள்.

'காணவில்லை'யை முதலில் கிழித்தார். பிறகு மலாய். பிறகு ஆங்கிலம். ஒவ்வொரு துண்டையும் வாளியில் போட்டு விரலால் நசுக்கினார். போன் நம்பரைக் கிழிக்கும்போது கொஞ்சம் நிறுத்தினார்; பிறகு அதையும் போட்டார். நாரும் காகிதமும் வாளிக்குள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கையில் மிஞ்சியது படம். படத்தைக் கிழிக்கவில்லை. முழுதாக நனைத்து, முகத்தைத் தன் பக்கம் பார்க்கத் திருப்பி, தோளின் உட்புறத்தில் ஒட்டினார். அதன் மேல் ஒரு அடுக்கு. பிறகு இன்னொன்று. கண் மறைந்தது, வாய் மறைந்தது.

தோள் எழுந்து நின்றது. வலது தோளுக்குச் சமமாக, நேராக.

உலர்த்தும் எந்திரத்தின் வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போனார். சுடுகாற்று முகத்தில் அடித்தது. நகக்கண் எல்லாம் நார்.

வெளியே செரீனாவின் கார் வரும் சத்தம் கேட்டது. கூடவே, நாலரைக்கு வீட்டுக்கு வருவதாகச் சொன்ன பிலோமியின் குரல், நாலு மணிக்கே, பேக்டரி வாசலில். விஜயன் படியில் ஏதோ உளறித் தடுத்துக்கொண்டிருந்தார். சலிக்கும் அறை மேசையில் சிலுவையும் மூடி திறக்காத மார்க்கர் பேனாவும் அப்படியே கிடந்தன.

ஹரோல்ட் திரும்பிப் பார்க்கவில்லை. இன்னும் ஈரமாக இருந்த இடது தோளின் மேல் உள்ளங்கையை வைத்தார். இரண்டு விரல் அளவு கீழே அழுத்தினார். அது காயும்வரை கையை எடுக்காமல் நின்றார்.